தேனிலவுக்கு எந்த பிளாட்பாரம், ஸார்?

முண்டியம்பாக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டி, விழுப்புரம் வருவதற்குள் கண்ணயர்ந்து போகிற ஆசாமியாக இருந்தால் மட்டும் தெரிந்திருக்காது. அதிலும் கரும்பு அரவை நடக்கிற மாதமாக இருந்தால் கண்ணை மூடினாலும் மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஒரு சர்க்கரை ஆலை, 2010-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி, அதன் பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்பிரஸ் வண்டிகள் விசிலடித்துவிட்டு நிற்காமல் ஓடுகிற ஒரு ரயில்வே ஸ்டேஷன்... ஊர் ஏறக்குறைய இவ்வளவுதான்.

தேன் கிடையாது; சர்க்கரைப் பாகு உண்டு. நிலவு உண்டு. எனவே, "உங்க தேனிலவு எங்கே?" என்று கேட்டுக் கட்டுரை எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது என்று கிளம்பிவிட்டேன். டீக்கடை பெஞ்ச், பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வராந்தா என்று ஒரு மாதம் அலைந்தேன்.

கேள்வியைக் கேட்டதும் பாதிப் பேர் சிரித்தார்கள். கால்வாசிப் பேர் பக்கத்தில் மனைவி இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார்கள். மிச்சம் கால்வாசிப் பேர் "அதெல்லாம் எங்க சார்..." என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி கால்வாசிதான்.

ஒரு சௌகரியம் பாருங்கள். பக்கத்திலிருக்கும் விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைக்கு ரயில் போகிறது. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி. ஆக, இந்தப் பகுதியில் கல்யாணமான எவனும் "எங்க ஊர்லேர்ந்து வண்டி கிடையாது" என்று பெண்டாட்டியிடம் சாக்கு சொல்ல முடியாது!

மயிலம்: கூட வந்தவர்கள் எட்டு பேர்

முதலில் மாட்டியவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர். கல்யாணம் 1974-ல்.

"தேனிலவா? அந்த வார்த்தையே சினிமா பேருதான் சார் எங்களுக்கு. கல்யாணம் ஆன மூணாம் நாளு மயிலம் முருகன் கோயிலுக்குப் போனோம்."

"ரெண்டு பேரும் மட்டுமா?"

"ரெண்டு பேருமா? எங்க அம்மா, அத்தை, ரெண்டு சித்தப்பா, மூணு புள்ளைங்க, வழி தெரியும்னு சொல்லி ஒரு பங்காளி. எட்டு பேரு. அந்தப் பங்காளிக்குத்தான் வழி தெரியல."

திண்டிவனத்துக்கும் பாண்டிக்கும் நடுவில் ஒரு சின்ன மலை மேல் இருக்கிறது மயிலம் கோயில். கூட்டத்தில் முன்னும் பின்னுமாகப் போய், படி இறங்கும்போதுதான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்களாம். கல்யாணமாகி மூன்று நாளில் மனைவி அவரிடம் தனியாகப் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"செருப்பு எங்க வுட்டீங்க?"

பெரியவர் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். "அம்பது வருஷம் ஆச்சு. இப்பவும் வீட்டை விட்டுக் கிளம்பினா அதைத்தான் மொதல்ல கேக்குறா!"

'இதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம், வெள்ளைக்காரன் அப்பவே ஜோடியாகப் போனான்' என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியானவர்கள் கல்யாணம் முடிந்ததும் ஒரு பயணம் போவார்கள். எதற்கு? கல்யாணத்துக்கு வர முடியாத உறவினர் வீடுகளுக்குப் போய்த் தலைகாட்ட! சில நேரம் நண்பர்களும் குடும்பத்தாரும் கூடவே போவார்கள். நம்ம ஊர் மறுவீடு, விருந்து சமாசாரத்தை அவர்கள் குதிரை வண்டியில் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த 'ஹனிமூன்' என்கிற வார்த்தையே கொஞ்சம் குசும்பானது. 1552-ல் வந்த ஓர் ஆங்கில அகராதி அதற்கு விளக்கம் சொல்லும்போது, புதுசாகக் கல்யாணம் ஆனவர்களின் பிரியம் முதலில் அளவுகடந்து இருந்து பிறகு தணியும் என்கிறது. அதாவது அது ஓர் எச்சரிக்கை! நாம் பாட்டுக்குத் தேனையும் நிலவையும் ஒட்டி அழகாக மொழிபெயர்த்து, எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

ராமேஸ்வரம்: 22 தீர்த்தமும் ஒரு பாலமும்

அடுத்தவர் ரயில்வேக்காரர். 1985-ல் கல்யாணம். கையில் பாஸ். ஓசியில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஊட்டிதான் என்று முடிவு செய்து மனைவியிடமும் சொல்லிவிட்டார்.

அம்மா காதில் விழுந்தது. "ஊட்டியில என்னடா சாமி இருக்கு?"

முடிந்தது கதை. மீட்டர் கேஜ் ரயிலில் ராமேஸ்வரம். கையில் இரண்டு பித்தளைச் சொம்பு, தீர்த்தம் கொண்டுவர. மேலும் தெருவில் யார் யாருக்கு எவ்வளவு தீர்த்தம் என்று ஒரு லிஸ்ட்.

"கோயில்ல 22 தீர்த்தம் சார். ஒவ்வொரு கிணத்துலயும் வாளி வாளியா தலையில ஊத்துறான். பத்தாவது கிணத்துல எனக்குத் தும்மல். பதினஞ்சாவதுல அவளுக்கு. மிச்சத்தை ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தும்மிக்கிட்டே முடிச்சோம்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி குறுக்கிட்டார். "தும்மலைச் சொல்றீங்களே, பாலத்தைச் சொல்லுங்க."

பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது. 1988-ல் சாலைப் பாலம் வருகிற வரைக்கும் அந்தத் தீவை நிலத்தோடு இணைத்த ஒரே பாலம் அதுதான். கைப்பிடிச் சுவர் கிடையாது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நேரே கடல். வண்டி நத்தை மாதிரி போகும்.

"கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். காத்து ஆளையே தள்ளுது. இவரு பின்னால வந்து என் கையைக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டாரு. பாலம் முடிஞ்சுது. விடல. மண்டபமும் போச்சு. விடல. அப்பதான் எனக்கு, 'சரி, இந்த மனுசன்கிட்ட பொழச்சிக்கலாம்'னு தோணிச்சு."

ரயில்வேக்காரர் தலையைக் குனிந்துகொண்டு டீ ஆற்றினார். நாற்பது வருஷமாக அவருக்கே இது தெரியாதாம்! அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். "பாஸ் இன்னும் இருக்குல்ல... போய்ட்டு வரலாமா?" என்று அந்த அம்மாள் கேட்டபோது நான் மெதுவாக நழுவிவிட்டேன்.

ஊட்டி: சுடிதார் போட்டோ

தொண்ணூறுகளில் காற்று மாறியது. சினிமாதான் காரணம் என்பேன். 1961-லேயே ஸ்ரீதர் 'தேன் நிலவு' படத்துக்காகக் காஷ்மீருக்கே போய்ப் படம் பிடித்தார். 1992-ல் 'ரோஜா' வந்தபோது காஷ்மீர் போகிற நிலைமை இல்லை. படத்தில் நாம் காஷ்மீர் என்று நம்பிய பல இடங்கள் மணாலியும் குன்னூரும்தான். குன்னூர் என்றால் நம்ம பட்ஜெட்டுக்குள் வருகிற விஷயம் ஆயிற்றே!

1994-ல் கல்யாணமான ஒரு கிளார்க். விழுப்புரத்திலிருந்து சேலம், கோவை, மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறிப் போய், மலை ரயிலைப் பிடித்திருக்கிறார்கள். 46 கிலோமீட்டர் தூரம், 16 குகை, 208 வளைவு. மேலே ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறுகிற அந்த வண்டியை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அதைவிடத் தோதான வண்டி உலகத்திலேயே கிடையாது. அவசரமே படாது!

நண்பனிடம் இரவல் வாங்கிய காமிரா. ஒரு ரோல். 36 படம். ஊருக்கு வந்து கழுவிப் பார்த்தால் 18 படத்தில் மனைவி மட்டும், 18 படத்தில் கணவன் மட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒன்றுகூட இல்லை. காமிராவை யார் பிடிப்பது? முன்பின் தெரியாதவனிடம் கொடுத்தால் அப்படியே ஓடிவிட்டான் என்றால்?

சேர்ந்து எடுத்தது ஒரே படம். பொட்டானிகல் கார்டனில் தொழில்முறை போட்டோக்காரர் எடுத்தது. பணமும் விலாசமும் வாங்கிக்கொண்டு 'தபால்ல அனுப்பறேன் சார்' என்றாராம். மூன்று மாதம் ஆயிற்று. வராது என்று விட்டுவிட்டார்கள்.

வந்தது. தபால்காரர் கொடுத்தது மாமியார் கையில்.

இதில் என்ன என்கிறீர்களா? அந்தப் படத்தில் மருமகள் சுடிதார் போட்டிருந்தாள். தங்கச்சியிடம் இரவல் வாங்கிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து எடுத்துப் போனது. இந்த வீட்டில் கல்யாணமான பொம்பளை சேலையைத் தவிர வேறு எதுவும் உடுத்தியது கிடையாது.

"ரெண்டு நாள் அத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல சார். எனக்குச் சோறு எறங்கல. அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களோன்னு துணியைக்கூட எடுத்து வச்சுட்டேன்" என்றார் அந்தப் பெண்மணி. இப்போது அவருக்கே மருமகள் இருக்கிறாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமியார் விழுப்புரம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். கையில் காகிதம் சுற்றிய பொட்டலம். பிரித்தால், ஃப்ரேம் போட்ட அதே போட்டோ. கூடத்தில் ஆணியடித்து மாட்டச் சொல்லிவிட்டு மருமகளிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னாராம்.

"நான் ஊட்டி பாத்ததில்ல. நீயாவது பாத்தியே."

அந்த மாமியார் இன்று இல்லை. போட்டோ இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பெரிய இடத்துத் தேனிலவு

கொஞ்சம் வெளியூர் சமாசாரமும் சொல்லிவிடுகிறேன். 1916 பிப்ரவரியில் ஜவஹர்லால் நேருவுக்கும் கமலாவுக்கும் டெல்லியில் கல்யாணம். அந்தக் கோடையில் குடும்பத்தோடு காஷ்மீர். நேரு என்ன செய்தார்? குடும்பத்தைப் பள்ளத்தாக்கிலேயே விட்டுவிட்டு, உறவுக்காரர் ஒருவரோடு மலையேறப் போய்விட்டார். ஸோஜிலா கணவாய்ப் பக்கம் புதுப் பனியில் காலை வைத்து, பனிப் பிளவுக்குள் விழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த கயிறுதான் காப்பாற்றியது. தமது சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். கயிறு கொஞ்சம் நைந்திருந்தால் இந்திய சரித்திரமே வேறு!

1895 ஜூலையில் பாரிஸ் பக்கம் பியேர் கியூரிக்கும் மேரிக்கும் கல்யாணம். பெரிய வசதி கிடையாது. அன்பளிப்பாக வந்த பணத்தில் ரெண்டு சைக்கிள் வாங்கி, கிராமம் கிராமமாகச் சுற்றினார்கள். அதுதான் தேனிலவு. மேரியின் கல்யாண உடை ஒரு கருநீல டிரெஸ். பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் அதையே போட்டுக்கொண்டார். எட்டு வருஷம் கழித்து, 1903-ல் ரெண்டு பேருக்குமே நோபல் பரிசு. சைக்கிள் தேனிலவு போனால் நோபல் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கடன் இல்லாமல் திரும்பலாம் என்கிறேன்.

2020: ஐம்பது பேர் கல்யாணம்

ஒரு நர்ஸ். கல்யாணம் 2020 ஜூனில். கொரோனா கெடுபிடி, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். மூணாறு என்று பேசி வைத்திருந்தது மூணாம் நாளே டூட்டி என்று ஆயிற்று.

"பி.பி.இ. டிரெஸ்ஸுக்குள்ள எட்டு மணி நேரம். வெளியில வந்தா தாலிக் கயிறு வேர்வையில நனைஞ்சு கிடக்கும். டூட்டி முடிஞ்சாலும் வீட்டுக்குப் போக முடியாது, தனியாத் தங்க வெச்சிருந்தாங்க. தினம் ராத்திரி போன்தான். அவரு மொட்டை மாடியில, நான் ஹாஸ்டல் வராந்தாவுல. நிச்சயம் பண்ணப்ப கூட அவ்வளவு பேசினதில்ல. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். டெஸ்ட் ரிசல்ட் வர வரைக்கும் போனை வைக்கவே இல்ல, ரெண்டு பேரும் பேசவும் இல்ல. சும்மா லைன்லயே இருந்தோம்."

ரிசல்ட் நெகடிவ். 2022-ல் ஏற்காடு போனார்கள். மடியில் குழந்தை. "மூணு பேர் ஹனிமூன் சார்!"

பத்து நாள்

அதே ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அவரைப் பார்த்தேன். திண்டிவனம் பக்கத்து கிராமம். மனைவிக்குச் சர்க்கரை வியாதி, காலில் புண், சேர்த்துப் பத்து நாள். நான் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அவராகவே சொன்னார்.

"எனுக்குக் கல்யாணம் ஆயி 31 வருசம் ஆவுது சார். ஒரே வூடு. அண்ணன் தம்பி நாலு பேரு, அம்மா, புள்ளைங்க. 'அப்புறம் போலாம், அப்புறம் போலாம்'னே சொல்லிட்டு இருந்தேன். மல்லாட்டை போட்டுட்டுப் போலாம், கடனை அடைச்சிட்டுப் போலாம், பொண்ணக் கட்டிக் குடுத்துட்டுப் போலாம்... நானும் அவளும் மட்டும் தனியா ஒக்காந்து பேசுனது இந்தப் பத்து நாளுதான்."

நான் ஒன்றும் பேசவில்லை.

"அவ இவ்ளோ பேசுவான்னே எனுக்குத் தெரியாது சார். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல மகாபலிபுரம் கூட்டிட்டுப் போனப்ப, ரெண்டு ரூவா இல்லன்னு இவள மட்டும் வுட்டுட்டுப் போய்ட்டாங்களாம். 31 வருசத்துல ஒரு தபா கூட சொன்னதில்ல."

பிறகு கேட்டார்: "திண்டிவனத்துலேர்ந்து மகாபலிபுரம் எப்பிடிப் போறது சார்? ரொம்ப நடக்கணுமா? காலு சரியானாலும் அவளால நடக்க முடியாது."

செங்கல்பட்டு போய் பஸ் மாறலாம் என்றேன். அர்ச்சுனன் தபசு ரோட்டு ஓரத்திலேயே இருக்கிறது, இறங்கி நின்றாலே பார்க்கலாம்; கடற்கரைக் கோயிலுக்குத்தான் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றேன். ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் 'செங்கல்பட்டு' என்று எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு பி.காம்-காரனின் கணக்கு

இவ்வளவையும் கேட்ட பிறகு, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஆபீஸ் தம்பிகளுக்கு என் தொழில் புத்தியிலிருந்து சில வார்த்தை.

முதலாவது, கடன். மாலத்தீவு, பாலி என்று ஒன்றரை லட்சம் பெர்சனல் லோன் போடுகிறார்கள். 14 சதவிகித வட்டி, 24 மாதம் என்றால் தவணை மாதம் 7,202 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 22,850. அந்த வட்டிப் பணத்திலேயே ஏற்காட்டுக்கு ரெண்டு தடவை போய் வரலாம். முதல் பிள்ளைக்குக் காது குத்தும்போதும் தேனிலவுத் தவணை ஓடிக்கொண்டிருந்தால், காது யாருக்குக் குத்தியது என்று சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது, ஆபீஸில் எல்.டி.ஏ. இருக்கிறதே, வரி மிச்சம் என்று கனவு காணாதீர்கள். புது வரி முறையில் இருந்தால் அந்த விலக்கு கிடையாது. அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

மூன்றாவது, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் முறை வந்துவிட்டது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள். கிளம்புவதற்கு முன் அன்றைய விதி என்ன என்று பார்த்துவிடுங்கள். முடிந்தால் கோடையைத் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை; தை, மாசியில் குளிர். குளிரைப் பற்றிப் புதுசாகக் கல்யாணமானவர்கள் யாரும் புகார் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

நான்காவது, எங்கே போனாலும் செல்போனை அறையில் வையுங்கள். அன்றைக்கு 36 படத்தில் ஒன்றில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. இன்றைக்கு 3,600 படத்திலும் சேர்ந்து நிற்கிறோம். ஆனால் எத்தனை லைக் விழுந்தது என்று ஆளுக்கொரு பக்கம் குனிந்து பார்க்கிறோம்.

நான் போனதும் ஏற்காடுதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மூன்று நாள், செலவு 11,420 ரூபாய். பைசா சுத்தமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதை எந்தத் தலைப்புல எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். வருவாய்ச் செலவா, மூலதனச் செலவா? ரொம்ப யோசித்து 'குட்வில்' என்று எழுதினேன். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது. ஆனால் கம்பெனி கஷ்டத்தில் இருக்கும்போது அதுதான் தூக்கி நிறுத்தும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஆபீஸில் யாருக்காவது கல்யாணம் என்றால் வழக்கம்போல வசூல் லிஸ்ட் சுற்றி வரும். அந்தப் பணத்தில் சுவர்க் கடிகாரம் வாங்காதீர்கள். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஏழு வந்திருக்கும். கியூரி தம்பதிக்கு அன்பளிப்புப் பணம் சைக்கிளாக மாறிய மாதிரி, ரெண்டு ரயில் டிக்கெட்டும் ரெண்டு நாள் அறை வாடகையும் கொடுங்கள். லிஸ்டில் என் பேருக்கு நேரே ஐந்நூறு எழுதிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: வழி தெரியும் என்று சொல்லி எந்தப் பங்காளியும் கூடப் போகக் கூடாது!